சூறாவளி லெம்முக்கு மனைவி இல்லை

நியூயார்க்
1881 அக்டோபர் 9

அன்புள்ள திர்சாவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். நான்கு நாள் ரயிலில் உட்கார்ந்தே வந்ததில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. நீ கட்டிக்கொடுத்த சோளரொட்டி சிகாகோ வரை வந்தது. பன்றிக்கறியை எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு போதகர் ஜெபம் செய்துவிட்டுப் பாதிக்கு மேல் தின்றுவிட்டார்.

நாடகம் திங்கட்கிழமை தொடங்கியது. எனக்கு மான்தோல் சட்டை, அதில் முழ நீளத்துக்குத் தொங்கல்கள், தோளில் புரளும் ஒட்டுமுடி. வேலை சுலபம்தான். முதல் அங்கத்தில் நான்கு பேரைச் சுடுகிறேன். இரண்டாவதில் ரயில் பாலத்தைக் காப்பாற்றுகிறேன். மூன்றாவதில் மிச்சமிருக்கும் ஏழு பேர். செத்தவர்கள் திரைக்குப் பின்னால் ஓடி, வேறு தொப்பி மாட்டிக்கொண்டு, மறுபடியும் வந்து சாகிறார்கள். முதல் நாள் எனக்கு வசனம் மறந்துபோய்விட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவனைக் கூடுதலாகச் சுட்டேன். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

தெருவுக்குத் தெரு என்னைப் பற்றிய கதைப்புத்தகம் தொங்குகிறது. ஐந்து சென்ட். அட்டையில் இருப்பவன் நான் இல்லை. என்னைப் பார்த்தே இராத ஒருவர் வரைந்த படம். ஆனாலும் கீழே 'சூறாவளி லெம்' என்று கொட்டை எழுத்தில் பார்க்கும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. பொய் சொல்லமாட்டேன்.

ஒரு விஷயம் நீயாகக் கேள்விப்படுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். புத்தகத்தில் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நாடகத்திலும் அப்படித்தான். மேலாளர் டன்லப்பிடம் மெதுவாகச் சொல்லிப்பார்த்தேன். "வீட்ல பொண்டாட்டி சோறு வெச்சுக்கிட்டு காத்திருந்தா அவன் எதுக்குய்யா குதிரை மேலயே சுத்துறான்? இதை எவன் காசு குடுத்துப் பார்ப்பான்?" என்கிறார். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று நம்புகிறேன். குளிர்காலம் முடியும்வரைதானே? திரும்பி வரும்போது நம் மண்வீட்டுக்குப் பலகைத் தரையும் ஒரு கண்ணாடி ஜன்னலும் போட வழி செய்துகொண்டுதான் வருவேன்.

உருளைக்கிழங்கைப் பள்ளத்தில் இறக்கிவிட்டாயா? டெபோரா பால் கொடுக்கிறதா, இல்லை இன்னும் உதைக்கிறதா?

உன் அன்பு,
லெம்

*

வில்லோ ஓடை, நெப்ராஸ்கா
1881 அக்டோபர் 30

அன்புள்ள லெம்முக்கு,

உன் கடிதம் வந்தது. உருளைக்கிழங்கு இறக்கியாயிற்று. டெபோரா பாலும் கொடுக்கிறது, உதைக்கவும் செய்கிறது. இரண்டும் சேர்ந்ததுதான் மாடு என்று பழகிக்கொண்டேன்.

ஆல்டனுக்கு மாவு வாங்கப் போனபோது கடையில் உன் புத்தகத்தைப் பார்த்தேன். கடைக்காரர் ஓசியில் படிக்க விட்டார். அடுப்போரம் நின்றபடியே நூறு பக்கமும் படித்தேன். என்னைத் தேடினேன், இல்லை. சரி போகட்டும் என்று டெபோராவைத் தேடினேன், அதுவும் இல்லை.

பாலத்தில் அன்று நடந்தது எனக்குத் தெரியும், லெம். மாட்டின் கால் தண்டவாளக் கட்டைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. நான் வாலைப் பிடித்து இழுத்தேன். நீ என் சிவப்பு உள்பாவாடையை ஆட்டி ரயிலை நிறுத்தினாய். ஆல்டன் பத்திரிகைக்காரர் மாட்டை எடுத்துவிட்டு உடைந்த பாலம் என்று போட்டார். பிறகு பனியில் ரயில் நின்று மூன்று நாள் ஊரில் மாட்டிக்கொண்ட அந்த எழுத்தாளர் டில்வொர்த்திடம், முடிவெட்டும் கடையில் உட்கார்ந்து நீ நான்கு கொள்ளைக்காரர்களைச் சேர்த்தாய். அவர் அதற்குப் பக்கத்தில் ஒரு பூஜ்யத்தைப் போட்டு நாற்பது ஆக்கிவிட்டார். இத்தனை பேருக்கு இடம் இருக்கிறது, என் பாவாடைக்கு ஒரு வரி ஒதுக்கக் கூடாதா?

கோபம் இல்லை. சிரிப்புத்தான். கொஞ்சம் கோபமும் உண்டு.

முக்கியமான சேதி: பிப்ரவரியோடு நாம் இங்கே வந்து ஐந்து வருடம் நிறைகிறது. நில அலுவலகத்தில் நின்று, இங்கேயே குடியிருந்து உழுது பயிரிட்டோம் என்று நீ சத்தியம் செய்தால் இந்த அரசு நிலம் நமக்குச் சொந்தம். அக்கம்பக்கத்தார் இருவர் சாட்சி சொல்ல வேண்டும். நில்ஸ் ஓக்கர்ப்ளோமும் அவர் மைத்துனரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மனு உன் பெயரில் இருப்பதால் நீயே நேரில் வந்தாக வேண்டும், மறந்துவிடாதே.

பக்கத்து நிலத்து ஸ்டெகால் அடிக்கடி வருகிறார். அவர் கிணற்றில் உப்புத் தண்ணீர். நம் கிணற்றில் இரண்டு குவளை குடித்துவிட்டு, "என்னம்மா தண்ணி இது, கல்கண்டு மாதிரி" என்று புகழ்கிறார். அந்தப் புகழ்ச்சி எனக்குப் பிடிக்கவில்லை.

அன்புடன்,
திர்சா

*

நியூயார்க்
1881 நவம்பர் 27

என் அன்பான திர்சா,

அரங்கு நிறைந்து வழிகிறது! நேற்று ஒரு சீமாட்டி என் ஒட்டுமுடியில் ஒரு சுருள் கேட்டாள். நறுக்கிக் கொடுத்துவிட்டேன். ஒட்டுமுடி செய்பவர் என்னோடு பேசுவதில்லை.

டில்வொர்த்தைப் பார்க்க அவர் தங்கியிருக்கும் விடுதிக்குப் போயிருந்தேன். கடுகு கலந்த வெந்நீரில் இரண்டு கால்களையும் வைத்துக்கொண்டு எழுதுகிறார். மூன்று நாளில் ஒரு புத்தகம். முதலில் அட்டைப்படம் வந்துவிடுகிறது, அதற்குத் தகுந்த மாதிரி இவர் கதை கட்டுகிறார். இந்த முறை படத்தில் கரடி இருக்கிறது. ஆகவே நான் கரடியோடு மல்லுக்கட்டப் போகிறேன். "நான் கரடியே பாத்ததில்லீங்களே" என்றேன். "நானும்தான் பாத்ததில்ல. சும்மா உக்காருங்க, உண்மையைச் சொன்னீங்கன்னா என் பேனா நின்னுடும்" என்றார். நல்ல மனிதர்தான். ஆல்டனுக்கு மேற்கே ஓரடி எடுத்துவைத்ததில்லை.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. தினமும் சொல்லிச் சொல்லி, அந்த நாற்பது பேரும் உண்மையாகவே வந்தார்கள் என்று எனக்குச் சில நேரம் நினைவுக்கு வருகிறது. அவர்களில் ஒருவனுக்கு மாறுகண் என்பது வரை.

டன்லப் ஏப்ரல்வரை ஒப்பந்தம் போடச் சொல்கிறார். பாஸ்டன், ஃபிலடெல்ஃபியா எல்லாம் போகப்போகிறோமாம். ஒரே ஒரு நிபந்தனை: புத்தகத்தில் இருப்பது பொய் என்று நான் வெளியில் எங்கேயும் வாய் திறக்கக் கூடாது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். நில விஷயத்துக்கு இங்கிருந்தே ஒரு பத்திரம் எழுதி அனுப்பினால் போதாதா? நீதான் கெட்டிக்காரி ஆயிற்றே, நீயே பார்த்துக்கொள்ளேன்.

உன்,
சூறாவளி லெம் (பழக்கத்தில் வந்துவிட்டது, அடிக்க மனமில்லை)

*

வில்லோ ஓடை
1881 டிசம்பர் 19

மாவீரர் சூறாவளி லெம் அவர்களுக்கு,

தாங்கள் நலமா? கரடி நலமா?

நிலம் போகப்போகிறது என்று தெரிவித்துக்கொள்கிறேன். ஸ்டெகால் நம் நிலத்தின் மேல் ஆட்சேபணை மனு போட்டிருக்கிறார். லெமுவெல் ஹாஸ்கெட் என்பவர் இந்த நிலத்தில் குடியிருக்கவே இல்லை, நாடோடி, ஆகவே நிலத்தைத் தனக்கு எழுதித் தர வேண்டும் என்று. அதற்கு அவர் வைத்திருக்கும் ஆதாரம் என்ன தெரியுமா? தங்கள் திருப்புத்தகம்.

நான் நில அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே இருக்கும் அதிகாரி பீஸ்லி மேசைமேல் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். ஆதாரத்தைச் சரிபார்க்கிறாராம். மூன்றாவது முறையாக.

"நீங்க யாரும்மா?"

"லெமுவெல் ஹாஸ்கெட்டோட பொண்டாட்டிங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சூறாவளி லெம்முக்குப் பொண்டாட்டி கெடயாதே!"

"எனக்குப் புருஷன் இருக்காருங்களே."

"பதினேழாம் பக்கத்துல தெளிவாப் போட்டிருக்கும்மா. 'வானமே அவன் கூரை, சேணமே அவன் தலையணை, தனிமையே அவன் துணை.' அச்சுல வந்திருக்கு பாருங்க."

"அந்தத் தனிமை நான்தான்யா! அஞ்சு வருஷமா ஆக்கிப் போட்டிருக்கேன்" என்று கத்திவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து அழுதேன்.

பீஸ்லி கெட்டவர் இல்லை. புத்தகத்தில் மயங்கிப்போனவர், அவ்வளவுதான். நில்ஸ் சாட்சி சொன்னாலும் போதாதாம். "அவரே வந்து, புத்தகத்துல இருக்கறது பொய்யி, நான் இங்கதான் குடியிருந்தேன்னு பைபிள் மேல கை வெச்சுச் சொல்லணும். வேற யாரும் சொல்ல முடியாது" என்றார். விசாரணை பிப்ரவரி ஒன்பதாம் தேதி, காலை பத்து மணி.

தங்கள் ஒப்பந்தம் வாயைத் திறக்கக் கூடாது என்கிறது. சட்டம் வாயைத் திறந்தால்தான் நிலம் என்கிறது. எதைச் செய்வது என்று மாவீரர்தான் முடிவு செய்ய வேண்டும்.

திர்சா ஹாஸ்கெட் (எந்தப் பக்கத்திலும் இல்லாதவள்)

*

நியூயார்க்
1882 ஜனவரி 8

திர்சா,

'தாங்கள்' என்று எழுதிவிட்டாயே. அந்த ஒரு சொல்லுக்கு நீ என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

டன்லப்பிடம் போனேன். இரண்டு வாரம் விடுப்புத் தாருங்கள் என்றேன். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அங்க போயி 'நான் உருளைக்கிழங்கு போடறவன்'னு நீ சத்தியம் பண்ணினா, மறுநாளே எல்லாப் பத்திரிகையிலயும் வந்துடும். அப்புறம் உன்னைப் பாக்க ஈ கூட வராது. போனா அப்படியே போயிடு, திரும்பி வராதே" என்றார்.

இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் சத்தியம் செய்ய வேண்டாம். மான்தோல் சட்டையும் இரண்டு துப்பாக்கிகளுமாக, நாடகக்காரர்கள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு ஆல்டனில் இறங்குகிறேன். ஸ்டெகாலின் முன்னால் போய் நின்று ஒரு பார்வை பார்த்தால், அவரே மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டு ஓடிவிடுவார். டன்லப்புக்கும் இந்த யோசனை பிடித்திருக்கிறது. பத்திரிகைக்காரர்களையும் கூட்டிவரலாம் என்கிறார்.

கோபிக்காமல் யோசித்துப் பதில் எழுது.

லெம்

*

வில்லோ ஓடை
1882 ஜனவரி 20

லெம்,

கோபிக்காமல்தான் எழுதுகிறேன். அடுப்பில் எரிக்க வறட்டி குறைவாக இருப்பதால் கோபத்துக்கும் சூடு போதவில்லை.

ஸ்டெகால் நிஜத் துப்பாக்கி வைத்திருக்கிறார். அதில் இருப்பது நிஜத் தோட்டா. உன் ஆறு பேரும் தொப்பி மாற்றிக்கொண்டு திரும்ப எழுந்து வரமாட்டார்கள்.

நீ என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நிலம் போனால் போகட்டும், புகழ் இருக்கிறது, திர்சாவைப் பிறகு கிழக்கே கூட்டிக்கொள்ளலாம் என்று. நான் வரமாட்டேன். எனக்குச் சூறாவளி லெம் வேண்டாம். அவனோடு எனக்குப் பழக்கமே இல்லை.

எனக்குத் தெரிந்த லெம் கிணறு வெட்டியவன். நாற்பது அடி இறங்கியபோது பக்கவாட்டு மண் சரிந்து உன் இடுப்புவரை மூடியதே, நினைவிருக்கிறதா? நானும் கோவேறு கழுதையுமாகக் கயிற்றைக் கட்டி உன்னை மேலே இழுத்தோம். நீ என் மடியில் தலையை வைத்து, இனி இறங்கவே மாட்டேன் என்று குழந்தைபோல அழுதாய். மறுநாள் காலை நீயாகவே வாளியில் கால் வைத்து, "கயித்தைப் பிடி திர்சா" என்றாய். அந்த மனிதனுக்காகத்தான் இந்த மண்குகையில் ஐந்து குளிர்காலம் இருந்தேன். கண்ணாடி ஜன்னலுக்காக இல்லை.

விசாரணைக்கு நான் வரமாட்டேன். நாம் இருவருமே இல்லையென்றால் ஸ்டெகாலின் ஆட்கள் கிணற்றடியில் கூடாரம் போட்டுவிடுவார்கள். நில்ஸும் மைத்துனரும் வருவார்கள்.

நீ வந்தால் வா. வராவிட்டால், நிலம் போனபின் ஒஹையோவில் என் தங்கை வீட்டுக்குப் போய்விடுவேன், உன்னைத் தேடமாட்டேன். உன்மேல் எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் இல்லாத மனைவியாக எத்தனை நாள் இருப்பது?

பிப்ரவரி ஒன்பது, காலை பத்து மணி. இனி நான் கடிதம் எழுதமாட்டேன்.

திர்சா

*

ஆல்டன்
1882 பிப்ரவரி 9, மாலை

என் திர்சாவுக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்றே மான்தோல் சட்டையைக் கழற்றி டன்லப்பின் மேசைமேல் வைத்தேன். அவர் சொன்ன வார்த்தைகளை எழுத முடியாது. வழியில் ரயில் இரண்டு இடத்தில் பனியில் நின்றது. இன்று காலை ஒன்பதரைக்கு இறங்கி, ஸ்டேஷனிலிருந்து ஓடியே போனேன். இப்போது ஓடைப் பாதை பனியில் மூடிக் கிடக்கிறது. பனிச்சறுக்குக் கட்டை கட்டிக்கொண்டு வந்திருந்த நில்ஸின் மைத்துனர் மட்டும் திரும்பிப் போகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நில அலுவலகத்தில் ஊரே கூடியிருந்தது. பத்திரிகைக்காரர் முன்வரிசையில் பென்சிலோடு. பீஸ்லி புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகக் கேட்டார். என் கை பைபிள்மேல்.

"நாப்பது கொள்ளைக்காரங்க?"

"ஒரு மாடுங்க."

"என்னது?"

"மாடு. பேரு டெபோரா. என் சம்சாரம் வாலைப் பிடிச்சு இழுத்தா. நான் அவ பாவாடையை ஆட்டினேன்."

கூட்டம் சிரித்ததில் ஒரு நிமிடம் விசாரணையை நிறுத்த வேண்டியிருந்தது. பீஸ்லியின் முகம் மட்டும் வாடிக்கொண்டே போனது. "சரி, ரெண்டாவது புத்தகத்துல வர்ற கரடி? அதுவாவது உண்மையா?"

"படம் போடறவருக்குக் கரடி நல்லா வரும்னு போட்டாங்க."

"குதிரைய அடக்கறதுல உங்கள மிஞ்ச ஆளில்லைன்னு..."

"குதிரைன்னா எனக்குப் பயங்க. கோவேறு கழுதைதான் ஓட்டுவேன்."

அப்போது ஸ்டெகால் எழுந்து கத்தினார்: "இவன் நடிகன்யா! வீரன் மாதிரிப் பேசக் காசு வாங்கினவன் இப்ப விவசாயி மாதிரி நடிக்கிறான். இவன் பேச்ச எப்படி நம்பறது?"

சிரிப்பு நின்றுவிட்டது. பீஸ்லியும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். எனக்கு வேர்த்துவிட்டது, திர்சா. நாடகத்தில் கற்றுக்கொண்ட ஒரு வசனமும் உதவவில்லை. கடைசியில் கிணற்றைப் பற்றிச் சொன்னேன். பன்னிரண்டு அடிவரை கறுப்பு மண், அப்புறம் மஞ்சள் மணல், நாற்பதில் சரிந்தது, அதற்குக் கீழே நீலக் களிமண், மொத்தம் அறுபத்திரண்டு அடி என்று. மேலே தூக்கியதும் உன் மடியில் படுத்து அழுததையும் சொன்னேன். பத்திரிகைக்காரர் எழுதிக்கொண்டே இருந்தார். எழுதட்டும் என்று விட்டுவிட்டேன். நில்ஸ் தன் நாட்டுத் தமாஷான உச்சரிப்பில், "சரிஞ்சதுக்கு அப்புறம் நான்தான் வந்து மண்ணை அள்ளிப் போட்டேன். இவரு அழுதது எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு" என்று சாட்சி சொன்னார்.

பீஸ்லி புத்தகத்தை மூடினார். "இப்படி ஒரு பொய்ய எந்த வீரனும் தன்னைப் பத்திச் சொல்லமாட்டான்" என்று சொல்லிவிட்டு, ஸ்டெகாலின் மனுவைத் தள்ளினார். பதிவேட்டில், 'திருமணம் ஆனவர். மனைவி திர்சா' என்று எழுதும்போது மையை இரண்டு முறை தொட்டுப் பளிச்சென்று எழுதச் சொன்னேன். எழுதினார். சான்று என் சட்டைப்பையில் இருக்கிறது. நிலம் நம்முடையது. எல்லாம் முடிந்தபின் அவர் தயங்கித் தயங்கிப் புத்தகத்தை நீட்டினார். "பரவால்ல, ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றார்.

மத்தியானம் டன்லப்பிடமிருந்து தந்தி. வேறு சூறாவளி லெம் கிடைத்துவிட்டானாம், பாஸ்டனில் நாளை மேடை ஏறுகிறானாம், என்னைவிட அரை அடி உயரமாம். படித்ததும் கொஞ்சம் வலித்தது. நான் இல்லாமலும் சூறாவளி லெம் நிற்காமல் அவன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறான். நான் சாகும்வரைக்கும், செத்த பிறகும், அவன் யாரையாவது சுட்டுக்கொண்டே இருப்பான் என்று நினைக்கிறேன்.

கண்ணாடி ஜன்னல் இப்போதைக்கு இல்லை. நிலம் கிடைத்துவிட்டது. நீ கிடைப்பாயா என்று எனக்குத் தெரியவில்லை. நான் உன்னை நூறு பக்கத்திலிருந்தும் எடுக்கவிட்டேன், சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு மன்னிப்பு என்று ஒரு வார்த்தை எழுதினால் போதாது. நேரில் வந்து சொல்ல அனுமதி கொடு. பதில் வரும்வரை நில்ஸோடு இங்கே குதிரைலாயத்தில் தங்கியிருக்கிறேன்.

லெமுவெல் ஹாஸ்கெட்
விவசாயி

*

வில்லோ ஓடை
1882 பிப்ரவரி 11

என் லெம்,

இனி எழுதமாட்டேன் என்றேன். இது கடிதம் இல்லை, மைத்துனர் பையில் போட்டனுப்பும் சீட்டு.

உன் கடிதத்தை அவர் வாசலில் நிற்கும்போதே படித்தேன். அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டு மறுபடி படித்தேன். அழுதேன் என்று அவர் வந்து சொல்வார். நம்பலாம், அவர் கதை கட்டத் தெரியாதவர்.

அனுமதியாம், லாயமாம்! சொந்த நிலத்துக்கு வர எவன் அனுமதி கேட்பான்? பனி இறுகிவிட்டது, வண்டி தாங்கும். நில்ஸை வண்டி கட்டச் சொல்லி ஏறி வா. டெபோரா நேற்றுக் கன்று போட்டிருக்கிறது, எனக்கு இரண்டு கை போதவில்லை.

ஒன்று சொல்ல மறந்தேன். கிணறு அறுபத்தோரு அடிதான். கயிற்றை அளந்தவள் நான். பைபிள்மேல் கை வைத்தும் ஒரு அடியைச் சேர்க்காமல் உன்னால் இருக்க முடியவில்லை, பார். பீஸ்லி வந்து அளக்கப்போவதில்லை, போகட்டும். அந்த ஒரு அடியோடு சேர்த்துத்தான் உன்னைக் கட்டிக்கொண்டேன்.

சீக்கிரம் வா.

திர்சா